இடைசெவல் பெரியவர்: ஒரு வீட்டின் நினைவு ஊரின் வரலாறான கதை

ஆடித்தபசுக்குச் சங்கரன்கோவிலில் கூடும் கூட்டத்தைக் கண்டோர், கோமதியம்மனின் தவக்கோலத்தையும் சங்கரநாராயணராக இறைவன் காட்சி தருவதையும் நெஞ்சில் நிறைத்துக்கொண்டு ஊர் திரும்புவர். அக்கூட்டத்தின் ஓரத்தில், பேரப்பிள்ளைகளின் கைபற்றி வந்து, புற்றுமண்ணை முந்தானையிலோ துண்டிலோ முடிந்துகொண்டு, தூணோரம் சாய்ந்து அமர்ந்திருக்கும் முதியவர்களை நாம் அவ்வளவாகக் கவனிப்பதில்லை. எந்தப் பஞ்சத்தில் அவர்கள் குடும்பம் ஊர்விட்டு ஊர் வந்தது, எந்தக் கிணறு எந்த ஆண்டில் வற்றியது, எந்த நிலம் எந்தத் திருமணத்திற்காக ஈடு வைக்கப்பட்டது என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். நாம் கேட்பதில்லை, அவர்களும் சொல்வதில்லை. ஒருநாள் அவர்கள் மறைகிறார்கள். அவர்களோடு ஒரு வீட்டின் வரலாறும் மறைகிறது.

வரலாறு என்றால் நமக்குக் கல்வெட்டும் செப்பேடும் கோட்டையும்தான். சங்கரன்கோவில் வட்டாரத்தில் அவற்றுக்குக் குறைவில்லை. அருகிலுள்ள நெற்கட்டும்செவலில் பூலித்தேவரின் நினைவைப் போற்றுகிறோம். கிழக்கே கோவில்பட்டி செல்லும் சாலையில் கழுகுமலை இருக்கிறது. முற்றுப்பெறாத வெட்டுவான் கோயிலும், பாறைச் சரிவில் வரிசையாகச் செதுக்கப்பட்ட சமணத் திருமேனிகளும் அங்கே உள்ளன. அத்திருமேனிகளின் கீழே, அவற்றைச் செய்வித்தோரின் பெயர்களை வட்டெழுத்தில் காணலாம். குரத்தியர் எனப்பட்ட பெண் ஆசிரியர்களின் பெயர்களும் அவற்றுள் உண்டு. ஏறத்தாழ ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஒரு பெண்மணியின் பெயர் இன்றும் நமக்குக் கிடைக்கிறது. நம் கொள்ளுப்பாட்டியின் பெயரைக் கேட்டாலோ நம்மில் பலர் விழிக்கிறோம்.

ஒரு நாட்டுப்புற முதியவரின் வாழ்வையும் குடும்பத்தையும் நினைவுகூர்வது வரலாறாகுமா என்னும் வினாவை நாம் இங்கிருந்துதான் எழுப்ப வேண்டியிருக்கிறது. ஆகும் என்பதற்கு நம் வட்டாரத்திலேயே ஒரு சான்று உண்டு. கழுகுமலையைக் கடந்து கோவில்பட்டியை அடைந்து, திருநெல்வேலிச் சாலையில் தெற்கே திரும்பினால் இடைசெவல் வரும். அவ்வூர்ப் பெரியவர் கி.ராஜநாராயணனின் வாழ்வே அச்சான்று. அவரை எழுத்தாளராக எல்லோரும் அறிவர். ஒரு வீட்டின் நினைவைக் காத்துத் தந்த குடும்பப் பெரியவராக அவரைக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இன்று இடைசெவல் தூத்துக்குடி மாவட்டத்தில் உள்ளது. 2019ஆம் ஆண்டுமுதல் சங்கரன்கோவில் தென்காசி மாவட்டத்தில் உள்ளது. 1986ஆம் ஆண்டுவரை இரண்டும் ஒரே நெல்லை மாவட்டத்து ஊர்கள். மாவட்டக் கோடுகள் மாறலாம், மண் மாறுவதில்லை. சங்கரன்கோவிலுக்குக் கிழக்கே குருவிகுளம், திருவேங்கடம் தொட்டுக் கோவில்பட்டி, எட்டயபுரம்வரை விரிந்து கிடப்பது ஒரே கரிசல். மழை பெய்தால் காலைப் பிடித்து இழுக்கும். காய்ந்தால் கால் நுழையும் அளவுக்கு வெடிக்கும். பருத்தியும் கம்பும் சோளமும் வானத்தை நம்பி விளையும் மானாவாரி நிலம். உழவரைச் 'சம்சாரி' என்று அழைப்பது இம்மண்ணின் வழக்கம். நிலம் வைத்திருப்பவர் என்ற பொருளைவிட, குடும்பம் வைத்திருப்பவர் என்ற பொருளே அச்சொல்லில் முந்தி நிற்கிறது. உழவும் குடும்பமும் வேறுவேறல்ல என்பதை இவ்வட்டாரத்தார் ஒரே சொல்லில் சொல்லிவிட்டனர்.

அத்தகைய சம்சாரி வீடொன்றில் 1923ஆம் ஆண்டு செப்டம்பர் 16ஆம் நாள் கி.ரா. பிறந்தார். தந்தை ஸ்ரீகிருஷ்ண ராமானுஜம். தாய் லட்சுமி அம்மாள். ராயங்கல ஸ்ரீகிருஷ்ண ராஜநாராயணப் பெருமாள் ராமானுஜ நாயக்கர் என்பது அவருடைய முழுப்பெயர். இவ்வளவு நீண்ட பெயரைக் கேட்டு நாம் புன்னகைக்கலாம். ஆனால் பழைய குடும்பங்களில் பெயரே ஒரு சிறு ஆவணம். தந்தை பெயர், குலதெய்வத்தின் பெயர், முன்னோர் பெயர் எல்லாம் அதனுள் அடங்கும். பள்ளிப் பதிவேட்டிலும் பத்திரிகையிலும் புழங்குவதற்காக நாம் பெயர்களைச் சுருக்கியபோது, அந்த ஆவணத்தையும் சுருக்கிக்கொண்டோம்.

அவருடையது வீட்டில் தெலுங்கும் வெளியே தமிழும் பேசிய கம்மவார் குடும்பம். வடக்கிலிருந்து தம் முன்னோர் எவ்வாறு தெற்கே வந்தனர் என்பது அக்குடும்பங்களில் பாட்டிமார் வாய்வழியே தலைமுறைகளாகச் சொல்லப்பட்டு வந்த கதை. அக்கதையைத்தான் 1976இல் வெளிவந்த 'கோபல்ல கிராமம்' நாவலாக அவர் எழுதினார். அழகிய பெண்ணொருத்தியை ஆட்சியாளன் ஒருவன் விரும்பியதால் அஞ்சிய குடும்பம், இரவோடு இரவாகப் புறப்படுகிறது. துரத்தி வருவோரிடமிருந்து தப்ப முடியாமல் ஆற்றங்கரையில் நிற்கும்போது ஒரு மரம் வளைந்து பாலமாகிறது. தென்திசை வந்து, காட்டை எரித்து நிலமாக்கி, ஓர் ஊரை உண்டாக்குகிறார்கள். இவற்றையெல்லாம் நூறு வயதைத் தாண்டிய ஒரு பாட்டி சொல்லக் கேட்பதாக நாவல் அமைந்துள்ளது.

மரம் வளைந்ததா என்று கேட்பவர் வரலாற்று மாணவர். கேட்கத்தான் வேண்டும். மரம் வளையவில்லை என்று நாம் விடையும் சொல்லிவிடலாம். ஆனால் அதோடு நிறுத்திக்கொண்டால் நாம் பாதி வரலாற்றை இழப்போம். அஞ்சி ஓடிய ஒரு குடும்பம், தாம் பிழைத்ததைத் தம் திறமை என்று சொல்லிக்கொள்ளவில்லை. ஒரு மரத்தின் கருணை என்று சொல்லிக்கொண்டது. விசயநகர ஆட்சிக் காலத்திலும் அதற்குப் பின்னும் தெலுங்கு பேசும் மக்கள் பல அலைகளாகத் தமிழகத்தின் தென்பகுதியில் குடியேறினர் என்பதை வரலாற்று நூல்கள் சொல்கின்றன. அப்படி வந்தவர்கள் நெஞ்சில் எதைச் சுமந்து வந்தனர் என்பதைப் பாட்டிமார்தாம் சொல்கின்றனர். ஆவணம் நிகழ்ச்சியைத் தரும். குடும்ப நினைவோ அந்நிகழ்ச்சி மனிதரைத் தொட்ட விதத்தைத் தரும். ஒன்றைக் கொண்டு மற்றொன்றைப் புறந்தள்ளுவது முறையன்று.

கி.ரா.வின் பள்ளிப் படிப்பு தொடக்க வகுப்புகளுக்குச் சற்று மேலே சென்று நின்றுபோயிற்று. இளமையில் காசநோய் அவரை வாட்டியது. அந்நோய்க்குச் சரியான மருந்தில்லாத காலம் அது. அதே நோய்தான் நெல்லை தந்த புதுமைப்பித்தனை 1948இல் கொண்டுபோயிற்று. கி.ரா. பிழைத்தார். தடைப்பட்ட படிப்பின் இடத்தை வேறு சிலர் நிரப்பினர். அதே இடைசெவலில், அதே 1923ஆம் ஆண்டு செப்டம்பரில், ஒரு வார இடைவெளியில் பிறந்த கு.அழகிரிசாமி அவருடைய உயிர்த்தோழர். இருவரும் ரசிகமணி டி.கே.சி.யிடம் ஈடுபாடு கொண்டிருந்தனர். கம்பனைச் சுவைக்கும் வழியை அவரிடம் கற்றனர். விளாத்திகுளம் சுவாமிகளின் பாட்டும், கோவில்பட்டியில் வாழ்ந்த காருகுறிச்சி அருணாசலத்தின் நாகசுரமும் கி.ரா.வுக்கு இசைப்பள்ளியாயின. கல்லூரி வாசலை மிதியாத இருவர், ஒரே சிற்றூரிலிருந்து சாகித்திய அகாதெமி விருதாளர்களாக உயர்ந்தனர். அழகிரிசாமிக்கு அவ்விருது 1970இல், அவர் மறைந்த பின்னர் வழங்கப்பட்டது. கி.ரா.வுக்கு 1991இல் 'கோபல்லபுரத்து மக்கள்' நாவலுக்காகக் கிடைத்தது. தமிழ் முதுகலை பயின்று தமிழ் கற்பித்துப் பிழைக்கும் நம்மைப் போன்றோர் சற்று நின்று எண்ணிப்பார்க்க வேண்டிய செய்தி இது.

இந்தியா விடுதலை பெற்ற காலத்தை ஒட்டி, பொதுவுடைமைக் கட்சி முன்னின்று நடத்திய உழவர் போராட்டங்களில் பங்குகொண்டு கி.ரா. சிறை சென்றார். பின்னர் ஊரில் விவசாயம் பார்த்தார். முதற்சிறுகதை 'மாயமான்' வெளிவந்தபோது அவருக்கு வயது முப்பத்தைந்தைத் தாண்டியிருந்தது. எழுத்தாளராகும் முன் அவர் நெடுங்காலம் சம்சாரியாக இருந்தார் என்பதை மறந்துவிட்டால் அவருடைய எழுத்து நமக்கு விளங்காது.

'கதவு' என்னும் சிறுகதையை எடுத்துக்கொள்வோம். வறிய வீடொன்றின் கதவைப் பிள்ளைகள் ஆட்டி விளையாடுகிறார்கள். அதுதான் அவர்களுக்கு ரயில், அதுதான் பேருந்து. தந்தையோ பிழைப்புத் தேடி வெளியூர் சென்றிருக்கிறார். தீர்வை பாக்கிக்காகக் கதவைக் கழற்றிக்கொண்டு போகிறார்கள். கதவில்லாத வீட்டுக்குள் பனியும் நாயும் நுழைகின்றன, கைக்குழந்தை இறக்கிறது. பின்னர் ஒருநாள் அக்கதவு சாவடியருகே கிடப்பதைக் கண்ட பிள்ளைகள் ஓடிச்சென்று அதைக் கட்டிக்கொள்கிறார்கள். வரி பாக்கிக்காகச் செய்யப்பட்ட பறிமுதல்களை அரசுப் பதிவேடுகளில் காணலாம். அங்கே அக்கதவு ஒரு பொருள். அதற்கு ஒரு விலை. அது பிள்ளைகளின் ரயில் என்பதை எந்தப் பதிவேடும் எழுதிக்கொள்ளாது. கி.ரா. எழுதிக்கொண்டார். ஏனெனில் அவர் அதிகாரியின் பக்கம் நின்று அவ்வீட்டைப் பார்க்கவில்லை. வீட்டுக்குள்ளிருந்து சாலையைப் பார்த்தார்.

இங்கே கணவதி அம்மாளைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கி.ரா.வைப் பற்றிய கட்டுரைகளில் அவர் பெரும்பாலும் விருந்தோம்பல் மிக்க இல்லத்தரசியாகவே வருவார். கி.ரா.வைக் காணச் சென்ற எழுத்தாளர்கள் பலரும் அவர் இட்ட உணவையும் காட்டிய பரிவையும் எழுதியிருக்கின்றனர். பாராட்டுத்தான், எனினும் போதாது. கரிசல் சம்சாரி வீட்டில் பெண்ணின் உழைப்பு அடுப்படியோடு முடிவதன்று. களையெடுப்பு, பருத்தியெடுப்பு, மாட்டுத்தொழு, தண்ணீர்க் குடம், பிள்ளைகள், வருவோர் போவோர் என்று விடியலுக்கு முன் தொடங்கி இரவில் முடிவது. உடல்நலம் குன்றியிருந்த, வருவாய் நிலையில்லாத, நண்பர்கள் ஓயாது வந்துபோன ஒருவரின் வீடு ஏறத்தாழ அறுபது ஆண்டுக்கால எழுத்துக்கும் பேச்சுக்கும் இடங்கொடுத்தது என்றால், அந்த வீட்டைத் தாங்கியவர் யார் என்று கேட்காமல் அந்த எழுத்தின் வரலாற்றை எழுத இயலாது. கணவதி அம்மாள் 2019இல் மறைந்தார். கி.ரா.வின் நூற்பட்டியலை நாம் ஒப்பித்துவிடலாம். அந்நூல்களுக்குப் பின்னே நின்ற உழைப்புக்குப் பட்டியல் இல்லை.

1982இல் கி.ரா. வேறொரு பணியை நிறைவேற்றினார். கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதியை அன்னம் பதிப்பகத்தின் வழியே வெளியிட்டார். வட்டார வழக்கைக் கொச்சை என்று ஒதுக்கிய காலம் முற்றும் மறைந்துவிடவில்லை. தமிழ்த்துறைகளில் அமர்ந்திருந்த நாம்தாம் அவ்வாறு ஒதுக்கியவர்களில் முன்னின்றோம் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. எழுத்தில் ஏறாத சொல் சொல்லன்று என்று கற்பித்தோம். சம்சாரியின் ஏரிலும் கமலையிலும், ஆட்டுக்கிடையிலும் பருத்திக்காட்டிலும் புழங்கிய சொற்களைப் பல்கலைக்கழகம் தொகுக்கவில்லை. ஒரு சம்சாரி தொகுத்தார். கமலை இறைத்த தலைமுறை போய் மின்மோட்டார் வந்தபின், அக்கமலையின் உறுப்புகளுக்கு வழங்கிய பெயர்கள் எங்கே போகும்? சொல்வதற்கு வாயும் கேட்பதற்குச் செவியும் இருக்கும்வரைதான் அவை இருக்கும். சொல்லகராதி என்பது அவ்வகையில் ஒரு குடும்பச் சொத்துப் பத்திரம் போன்றது. இதெல்லாம் எங்களிடம் இருந்தது என்று எழுதிவைப்பது.

பின்னர் 1989இல், அறுபத்தாறாம் வயதில், அவர் புதுவைப் பல்கலைக்கழகத்தில் வருகைதரு பேராசிரியராக அமர்ந்தார். பள்ளியை முடிக்காதவர் பேராசிரியரானார் என்று வியப்போடு சொல்வது வழக்கமாகிவிட்டது. வியக்க வேண்டியது அதுவன்று. எந்த முதியவர்களின் பேச்சை அதுவரை பல்கலைக்கழகம் கேளாதிருந்ததோ, அந்தப் பேச்சைக் கேட்கத் தெரிந்த ஒருவரை அது கடைசியில் அழைத்தது என்பதே நாம் குறித்துக்கொள்ள வேண்டியது. நாட்டுப்புறக் கதைகளை அவர் திரட்டினார். மாணவர்களைத் திரட்டச் செய்தார். சபையில் சொல்லத் தயங்கும் பாலியல் கதைகளையும் அவர் விலக்கவில்லை. முகஞ்சுளித்தவர்கள் உண்டு. கிழவர்களும் கிழவிகளும் தமக்குள் சிரித்துச் சொன்ன கதைகளை வெட்டிவிட்டுத் தருவது அவர்களைப் பொய்யாக்குவது என்பதே அவர் கொண்ட நிலை என்று நாம் கருதுகிறோம்.

போற்றுதலோடு நிறுத்திக்கொண்டால் இக்கட்டுரை நேர்மையுடையதாகாது. 'கோபல்ல கிராமம்' நிலமுடைய ஒரு வீட்டின் திண்ணையிலிருந்து ஊரைப் பார்க்கிறது. காட்டை எரித்து நிலமாக்கியவர்களின் பெருமிதம் அதில் உண்டு. அந்நிலத்தில் கூலிக்கு இறங்கியவர்களின் பாட்டி சொல்லியிருக்கக்கூடிய கதை அதில் இல்லை. அதே கோவில்பட்டி வட்டாரத்திலிருந்து வந்த பூமணி, 1979இல் வெளியான 'பிறகு' நாவலில், அருந்ததியர் குடும்பமொன்றின் பக்கத்திலிருந்து ஊரைக் காட்டினார். ஊர் அதே ஊர்தான். கரிசலும் அதே கரிசல்தான். ஆனால் தெரு மாறியதும் வரலாறு மாறிவிட்டது. இதைக் கி.ரா.வின் குறையாகச் சுட்டுவது நம் கருத்தன்று. எந்த மனிதரும் தம் வீட்டு நினைவைத்தான் முழுமையாகத் தர இயலும். ஆனால் ஒரு வீட்டின் நினைவை ஊரின் வரலாறாக ஏற்கும்போது, அடுத்த தெருவின் வீடு எங்கே என்று கேட்பது படிப்போர் கடமை. பூமணிக்கு வழிதிறந்தவர்களில் கி.ரா.வும் ஒருவர் என்பதால் இந்த வினா அவரைச் சிறுமைப்படுத்துவதாகாது; அவருடைய வழியை நீட்டிப்பதாகும்.

முதுமை அவரை ஓயச் செய்யவில்லை. தொண்ணூறைக் கடந்தபின்னும் எழுதினார். 'மிச்சக் கதைகள்' என்று நூலுக்குப் பெயரிட்டார். சொல்ல வேண்டியவை இன்னும் மிச்சமிருக்கின்றன என்று நூறாண்டை நெருங்கிய ஒருவர் எண்ணியது நம்மை நெகிழச் செய்கிறது. 2021ஆம் ஆண்டு மே 17ஆம் நாள் புதுவையில் மறைந்தார். பெருந்தொற்றின் இரண்டாம் அலை உச்சத்தில் இருந்த நாள்கள் அவை. ஊரடங்கு நடைமுறையில் இருந்தது. பல குடும்பங்கள் தம் பெரியவர்களை இறுதியாக ஒருமுறை காணவும் இயலாமல் தவித்த காலம். அந்நாள்களில் அவர் உடல் இடைசெவலுக்குக் கொண்டுவரப்பட்டு, தமிழ்நாடு அரசின் மரியாதையுடன் சொந்த மண்ணில் அடக்கம் செய்யப்பட்டது. மூன்று பத்தாண்டுகளுக்கு மேல் புதுவையில் வாழ்ந்தவர், கடைசியில் தம் கரிசலுக்கே திரும்பினார். கோவில்பட்டியில் இன்று அவருக்கு நினைவரங்கம் எழுந்துள்ளது.

நினைவரங்கம் வேண்டியதுதான். ஆயினும் அவர் செய்த பணிக்கு நாம் காட்டும் நன்றி கட்டடத்தோடு முடிவதன்று. கி.ரா.வின் வீடு போன்ற வீடுகள் சங்கரன்கோவிலைச் சுற்றி நூற்றுக்கணக்கில் உள்ளன. விசைத்தறி ஓசைக்கு நடுவே கைத்தறிக் காலத்தை நினைத்துக்கொண்டிருக்கும் நெசவாளர் வீட்டுப் பெரியவர் இருக்கிறார். கழுகுமலைக்குக் காவடி எடுத்துச் சென்ற பாதயாத்திரைகளையும், சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியாரின் காவடிச்சிந்தை ஊரே பாடிச்சென்ற இரவுகளையும் நினைவில் வைத்திருப்போர் இருக்கிறார்கள். அந்த அண்ணாமலை ரெட்டியார் இளமையிலேயே மறைந்துவிட்டார், பாட்டு நிலைத்தது. இடைசெவல்காரருக்கு நூறாண்டை நெருங்கும் ஆயுள் கிடைத்தது. அவர் அதைப் பிறர் கதையைக் கேட்பதில் செலவிட்டார்.

நம் மாணவர்களிடம் நாம் ஒரு வேண்டுகோள் வைப்பதுண்டு. இங்கே வாசிப்போரிடமும் அதையே வைக்கிறோம். உங்கள் வீட்டுப் பெரியவரிடம் 'உங்கள் வாழ்க்கையைச் சொல்லுங்கள்' என்று கேட்காதீர்கள். 'சொல்வதற்கு என்ன இருக்கிறது' என்று சொல்லி அவர் ஒதுங்கிவிடுவார். வீட்டில் முதன்முதலாக மின்விளக்கு எரிந்த இரவைப் பற்றிக் கேளுங்கள். விற்ற மாட்டின் பெயரைக் கேளுங்கள். ஊரைவிட்டுப் போனவர் யார், ஏன் போனார் என்று கேளுங்கள். அவருடைய தாயின் பெயரையும், அத்தாயின் தாய் பெயரையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அவர் சொல்லும் சொல்லைத் திருத்தாதீர்கள், சொன்னபடியே எழுதுங்கள். நாளும் ஊரும் குறித்துவையுங்கள். மரம் வளைந்தது என்று அவர் சொன்னால் அதையும் எழுதிக்கொள்ளுங்கள். ஆராய்ச்சியைப் பிறகு செய்துகொள்ளலாம். அடுத்த ஆடித்தபசுவரை அவர் இருப்பார் என்ற உறுதி நமக்கில்லை.